கரட்டூர் பட்டாளத்தானின் முகம்

கரட்டூருக்குப் பட்டாளத்தான் வந்து சேர்ந்தது ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில். அவனை முதலில் பார்த்தவர் சாத்தூரிலிருந்து வரும் முதல் டவுன் பஸ்ஸின் கண்டக்டர். துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்ற ஆளைப் பார்த்து, "ஏறுறதுன்னா ஏறுங்க, இல்லன்னா வழிய விடுங்க" என்றார். அவன் ஏறவும் இல்லை, வழி விடவும் இல்லை. அந்த பஸ் ஏற்கெனவே நாலு நிமிஷம் தாமதம் என்பதால், கண்டக்டர் அவனைச் சுற்றிக்கொண்டு ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றி, விசில் கொடுத்துப் போய்விட்டார்.

ஆள் ஆறடி இருந்தான். தோளும் முழங்கையும் பலகையை அறுத்து ஒட்டியதுபோல மூலை மூலையாக இருந்தன. விரல்கள் பிரியவில்லை, கையும் துப்பாக்கியும் ஒரே வார்ப்பு. பூட்ஸுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியைச் செருகலாம்போல இடைவெளி இருந்தது. தீப்பெட்டி ஊர் ஆகையால் செருகியும் பார்த்தார்கள், போனது. வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் நிழல் காலடியில் வட்டமாகவே கிடந்தது. இதெல்லாம் பரவாயில்லை, பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். முகம்தான் சிரமம். தூரத்தில் நின்று பார்த்தால் அது முகம். கிட்டப் போகப் போகப் பழுப்பும் கறுப்புமான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து, மூக்கு எது நிழல் எது என்று தெரியாமல், ஸ்டாம்ப் சைஸ் போட்டோவை ஃபிளெக்ஸ் பேனருக்கு இழுத்து அடித்த மாதிரி ஆகிவிடும். அந்த மங்கலுக்கு நடுவில் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

அந்தப் பொட்டைப் பார்த்ததும் சோலைராஜுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, ஏனென்றால் வைத்தது அவன்தான்.

சோலைராஜ் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருந்தான். முன்னறையில் பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், கலெக்டருக்கு மனு. பின்னறையில் நாலு பழைய கம்ப்யூட்டர்கள். அந்த நாலும் பல வருஷமாக ஒரே ஒரு வேலைதான் செய்துகொண்டிருந்தன: 'லாஸ்ட் கேரிசன்' என்ற விளையாட்டை ஓட்டுவது. கடலுக்கு நடுவில் ஒரு தீவு, தீவு முழுக்க எதிரிப் பட்டாளம், கையில் ஒரு துப்பாக்கி. சண்டை போடலாம், போடாமல் லாரியை எடுத்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் சும்மா போய் உட்கார்ந்துவிட்டும் வரலாம்; எந்தக் கதவும் எந்த வாட்ச்மேனும் மறிக்காத இடம் என்று கரட்டூர்க்காரர்களுக்கு வாழ்க்கையில் கிடைத்தது அது ஒன்றுதான். கல்லூரி நாளில் பதினோரு பேர் அதில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, தலை நரைத்தது, அந்தப் பதினோரு பேரும் எழுந்திருக்கவே இல்லை. கணக்கு டீச்சர் ஸ்டெல்லா அந்தத் தீவில் இருநூறு அடி தூரத்திலிருந்து ஆளின் தொப்பியை மட்டும் சுடுவார். புரோட்டாக் கடை நாகூர் கனி டேங்க் ஓட்டுவதில் சூரன்.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைப்பது வழக்கம். அந்த வருஷம் ஸ்டெல்லா டீச்சர் திரையைக் காட்டி, "உண்மையா வேலை பாக்குறவன் இவன்தானே, இவனுக்கு ஏன் வைக்கல?" என்று கேட்க, அதுவும் நியாயம்தான் என்று, காவல் கோபுரத்தின் கீழே நின்ற சிப்பாயின் நெற்றி பார்த்துச் சோலைராஜ் ஒரு பொட்டு வைத்தான். பொட்டு வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. ஆகவே கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை. பூட்டிவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் திரையில் கோபுரம் இருந்தது, சிப்பாய் இல்லை. ரோட்டில் சிப்பாய் இருந்தான், கோபுரம் இல்லை. இதற்கு மேல் காரணம் கேட்கிற ஆட்கள் கரட்டூரில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

கோபுரத்தை அவனே தேடிக்கொண்டான். பத்து மணிக்கெல்லாம் பஞ்சாயத்தின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்து, அதற்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையே இருநூற்று நாற்பது எட்டு போவதும் இருநூற்று நாற்பது எட்டு வருவதுமாக ரோந்து நடக்க ஆரம்பித்தான். பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். துப்பாக்கியைப் பறிமுதல் செய்யப் பார்த்தார். அது கையோடு வந்தது, கை ஆளோடு வந்தது, ஆள் தொட்டிக்குத் திரும்பிவிட்டான். தோட்டா இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். தோட்டா போடும் இடம் வெறும் பெயிண்ட். 'ஆயுதம் போன்ற உடலுறுப்புடன் ஒரு நபர்' என்று எழுதிக்கொண்டு, நாகூர் கனி கடையில் டீ குடித்துவிட்டுப் போனார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

அடுத்தது கிராம நிர்வாக அலுவலர் அம்மா. ஊரில் ஒருத்தன் இருக்கிறான் என்றால் அவன் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பெயர் 'பட்டாளத்தான்' என்று போட்டாயிற்று. தகப்பன் பெயருக்குக் கோடு. சாதி என்ற இடத்தில் வண்டி நின்றது. கிழக்குத் தெருக்காரர்கள், அந்த நெற்றி எங்கள் ஆள் நெற்றி என்றார்கள். மேற்குத் தெருக்காரர்கள், அந்த நடையைப் பாருங்கள், எங்கள் நடை என்றார்கள். வாக்குவாதம் முற்றி யாரோ ஒரு தகர டப்பாவை எட்டி உதைக்க, ரோந்து போய்க்கொண்டிருந்த பட்டாளத்தான் சடாரென்று திரும்பி, "ஹூ இஸ் தேர்?" என்றான்.

ஊரே வாயை மூடியது. அவன் டப்பா விழுந்த இடத்துக்கு எட்டு எட்டு நடந்து வந்து, சரியாக முப்பது விநாடி அசையாமல் நின்று, "மஸ்ட் பி தி விண்ட்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினான்.

"என்ன டீச்சர் சொல்றாரு?" என்று அலுவலர் அம்மா கேட்டார்.

"காத்தாத்தான் இருக்கும்ங்கிறான்" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

சாதிக் கட்டத்தை அலுவலர் அம்மா காலியாகவே விட்டுவிட்டார். கரட்டூரில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிற ஒரே ஆள் அவன்தான். அந்த வாசகம் மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டது. புருஷன் பெண்டாட்டி சண்டை தெருவுக்குக் கேட்டால், காத்தாத்தான் இருக்கும் என்பார்கள். பஞ்சாயத்துத் தலைவர் போன தேர்தலில் சொன்ன வாக்குறுதியை யாராவது நினைவுபடுத்தினால் அவரே சொல்லிக்கொள்வார்.

இப்படி அவன் ஊரில் ஒருத்தன் ஆனான். மழை அவன்மேல் பெய்தது, அவன் நனையவில்லை. ஆடுகள் அவன் நிழலில் படுத்தன. வட்ட நிழல் ஆட்டுக்கு அளவாக இருந்தது. சப்பரம் வரும்போது அவன் ரோந்துக்காகப் பூசாரி இருபது எட்டு நேரம் நின்று போவார், கிறிஸ்துமஸுக்குக் குடிலை மாதா கோயில் வாசலிலிருந்து தொட்டியடிக்கு மாற்றிப் போட்டார்கள், நோன்புக் கஞ்சி வாளி அவனைத் தாண்டும்போது ஒரு கரண்டி அவன் பெயருக்கு நின்றது. அவன் எதையும் சாப்பிடவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை.

ஆனால் ஊர் அவனைப் பிடித்துக்கொண்டது அந்த முகத்துக்காகத்தான். முதலில் சொன்னது நாகூர் கனி. சவுதிக்குப் போய்ப் பதினோரு வருஷமாகப் போன் பேசாத அவருடைய அண்ணன், கொஞ்சம் சாய்வெயிலில், பஸ் நிறுத்தத்துப் பக்கம் நின்று பார்த்தால், அச்சாக அந்த முகத்தில் இருந்தார். இல்லை, அது என் தம்பி என்றாள் பூக்காரி மகேஸ்வரி. அவரவர் இடம் பார்த்து நின்று, அவரவர் கண்ணை இடுக்கி, அவரவர் ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் போய்ப் பார்க்கக்கூடாது என்பது மட்டும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சத்துணவு சமைக்கும் ஆவுடையம்மாள் மட்டும் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அவள் மகன் தவசிலிங்கம் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தன். சோலைராஜோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஆறு வருஷம் முன்னால் போர்வெல் லாரியில் வடக்கே போனவன், ராய்ப்பூர் பக்கத்திலிருந்து ஒரு தடவை போன் பண்ணினான், அப்புறம் இல்லை. லாரிக்காரர்கள் இறங்கிப் போனான் என்றார்கள்; எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்று சோலைராஜ் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறான். "எழுதுனா முடிஞ்சு போகும்யா" என்று சொல்லி அவள் அவன் கடை நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. பட்டாளத்தான் வந்த பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்த் தொட்டித் தூணோரம் வைத்துவிட்டு, அவன் போகும்போது கூடப் போய், வரும்போது கூட வந்து, இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தன, முட்டை அழுகல் எத்தனை என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இது மூன்று வருஷம் நடந்தது.

இந்த இடத்தில் மனுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாஸ்ட் கேரிசன் பழைய விளையாட்டு. நூறு கஜத்துக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம், பாலத்தில் லாரி ஓட்டினால் பாலத்துக்குள் விழும், வீட்டுக் கதவுகள் சுவரில் வரைந்தவை. அதை ரீமாஸ்டர் பண்ணி, புதுசாக்கி வெளியிட வேண்டும் என்று உலகம் முழுக்க அதன் பக்தர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கரட்டூர்க்காரர்கள் கெஞ்சவில்லை, மனுப் போட்டார்கள். கம்பெனி எந்த தேசத்தில் இருந்தால் என்ன, மனு என்றால் திங்கட்கிழமை. அனுப்புநர், பெறுநர், பொருள், 'மேற்படி விளையாட்டினை மறுசீரமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக', ஐயா வணக்கம், இருபத்து மூன்று கோரிக்கைகள், பதினோரு கையெழுத்து. சோலைராஜ் தமிழில் எழுத, ஸ்டெல்லா டீச்சர் இங்கிலீஷில் மாற்ற, ஸ்கேன் பண்ணி அனுப்புவார்கள். கோரிக்கைகளில் முதலாவது தவசி சொல்லி எழுதியது: 'சிப்பாயின் முகத்தைச் சரி செய்து தர வேண்டும்; பக்கத்தில் போனால் யாரென்றே தெரியவில்லை.' அவன் போன பிறகும் அந்த முதல் மனுவையே, அவன் கையெழுத்தோடு, மாதம் தவறாமல் அனுப்பினார்கள். பதினைந்து வருஷம். கம்பெனி ஒரு வரி பதில் போட்டதில்லை.

பதினாறாவது வருஷம் போட்டது. உங்கள் குரல் கேட்டது, புதிய பதிப்பு வருகிறது, தேதி இது.

சோலைராஜ் அந்த மெயிலைப் படித்துவிட்டுப் பட்டா வாங்க வந்த ஒரு பெரியவரைக் கட்டிப் பிடித்தான். நாகூர் கனி அன்றைக்கு யார் கேட்டாலும் இரண்டு புரோட்டா சேர்த்து வைத்தார். ஸ்டெல்லா டீச்சர் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தாமல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

கம்பெனி புதிய பதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டியது. முதல் வாரம் ஒரு சின்ன வீடியோ: சிப்பாயின் பூட்ஸ். மறுநாள் காலையில் பட்டாளத்தானின் பூட்ஸில் கயிறு இருந்தது, கயிற்றில் முடிச்சு இருந்தது, பூட்ஸ் தரையில் பட்டது. ஊர் கூடி நின்று கைதட்டியது. அடுத்த வாரம் சட்டை. மறுநாள் அவன் சட்டையில் மடிப்பும் வேர்வைக் கறையும் வந்தன. அடுத்து நிழல், ஆடுகளுக்கு இடம் போனது, நிழல் ஆள் மாதிரியே நீளமாக விழுந்தது. அடுத்து விரல்கள், துப்பாக்கி கையிலிருந்து பிரிந்தது. அந்த வாரம் யாரும் அவ்வளவாகக் கைதட்டவில்லை. முகத்தை வெளியீட்டு நாளில் காட்டுவோம் என்று கம்பெனி அறிவித்திருந்தது.

"முகம் வந்துட்டா?" என்று கேட்டாள் பூக்காரி மகேஸ்வரி. அவள் கேட்டது சோலைராஜை. கேட்ட விதம், அவனே கொண்டுபோய் வைக்கப் போகிறான் என்பது மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊர்க்கூட்டம். நாகூர் கனி எழுந்து நின்று, "புது கேம் எனக்கும் வேணும், அல்லா மேல ஆணையா வேணும். ஆனா எங்கண்ணன் மூஞ்சி போயிரும்னா எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு அழுதார். டேங்க் ஓட்டுகிற மனுஷன் அழுததை அன்றுதான் பார்த்தார்கள். மனு போட்டவர்களே மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்று முடிவானது. முழுசாக வேண்டாம், முதல் கோரிக்கையை மட்டும். பாலம், கதவு, பனிமூட்டம் எல்லாம் கம்பெனி இஷ்டப்படி செய்துகொள்ளட்டும்.

வாபஸ் மனுவைச் சோலைராஜ் அன்றே எழுதிவிட்டான். பத்துப் பேர் கையெழுத்தும் போட்டாயிற்று. இங்கேதான் சிக்கல். மனுவை வாபஸ் வாங்க, மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் போட வேண்டும்; ஒருத்தர் குறைந்தாலும் கலெக்டர் ஆபீஸில் தூக்கிக் கடாசிவிடுவார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தச் சட்டம் எல்லாம் தெரிந்திருக்குமா என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆள் இல்லாவிட்டால் வாரிசு போடலாம். ஆகவே பதினோராவது கட்டத்தில் 'தவசிலிங்கம் (வாரிசு: தாயார் ஆவுடையம்மாள்)' என்று டைப் அடித்துக்கொண்டு சோலைராஜ் சத்துணவுக் கூடத்துக்குப் போனான்.

ஆவுடையம்மாள் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கி, கையைச் சேலையில் துடைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வாரிசுன்னா போட்ருக்க?"

"அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"வாரிசுன்னா ஆள் செத்துப் போனாத்தானய்யா? நீயே எழுதிட்டியா?"

சோலைராஜுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் வேறு மாதிரி அடித்து வருகிறேன், 'தாயார்' என்று மட்டும் போடுகிறேன் என்று உளறினான். அவள் காகிதத்தை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்படி அடிச்சாலும் நான் போட மாட்டேன்யா."

"அம்மா, விவரம் தெரியாமப் பேசாதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை அந்த மூஞ்சி மாறிரும். யாரோ ஒருத்தன் மூஞ்சியா ஆயிரும். ஊருல எல்லாரும் சேந்து..."

"ஊருல எல்லாரும் தூரத்துல நின்னு பாக்குறீங்க. நான் பக்கத்துல நடக்குறேன். மூணு வருஷமா நடக்குறேன். திங்கக்கிழம பாத்தா எம்புள்ள. செவ்வாக்கிழம பாத்தா வெறும் கட்டம். வெறும் கட்டமா இருக்க அன்னைக்கும் வீட்டுக்கு வந்து, இல்ல இல்ல, அவந்தான், நாந்தான் சரியாப் பாக்கலன்னு படுத்துக் கெடக்கேன். எனக்குத் தெரியணும்யா. அவன்னா அவன். இல்லன்னா இல்ல. தெளியட்டும்."

"இல்லன்னு ஆயிட்டா?"

அவள் அண்டாவை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். "எம்புள்ள அந்த விளையாட்டுக்காரங்ககிட்ட கேட்டது அது ஒண்ணுதான். பக்கத்துல போனா யாருன்னு தெரியணும்னு கேட்டான். அதைப் போய் நான் வேணாம்னு எழுதுவனா?"

சோலைராஜ் ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். ஆவுடையம்மாளின் கையெழுத்து அவனுக்கு அத்துப்படி, 'ஆ'வில் ஒரு நடுக்கம், 'ள்' மேல் புள்ளி எப்போதும் ஒரு எழுத்துத் தள்ளி. பேனாவை எடுத்தால் கால் நிமிஷ வேலை. ஊர் முழுக்க அவனுக்கு நன்றி சொல்லும். இரண்டு நாள் அந்தக் காகிதத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து திறந்து மூடினான். அவனுக்கும் அந்த முகம் தவசியின் முகம்தான் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் கடை திறக்கும்போது தொட்டியடியில் நிற்கிறவனைப் பார்த்து, வந்துட்டியாடா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வான். அதற்குப் பிறகுதான் ஷட்டரைத் தூக்குவான். மூன்றாம் நாள் காகிதத்தை நாலாகக் கிழித்தான். அனுப்பிவிட்டாயா என்று கேட்டவர்களிடம், "அந்தம்மா போடல" என்றான். அதற்கு மேல் யாரும் அவனைத் திட்டவும் இல்லை, ஆவுடையம்மாளிடம் போய்க் கேட்கவும் இல்லை. பதினோரு கையெழுத்து இல்லாத மனு செல்லாது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் மாலை ஐந்தரை. பின்னறையில் கம்ப்யூட்டர் புதுப் பதிப்பை இறக்கிக்கொண்டிருக்க, ஊர் முழுக்கத் தொட்டியடியில் நின்றது. அன்றைக்கு ஒருத்தரும் தூரத்தில் நிற்கவில்லை. கடைசியாக ஒரு தடவை என்று, வரும் வழியிலேயே அவரவர் இடத்தில் நின்று அவரவர் ஆளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நாகூர் கனி ஸலாம் சொன்னார். மகேஸ்வரி ஒரு முழம் கனகாம்பரத்தை அவன் துப்பாக்கி நுனியில் கட்டிவிட்டாள். ஆவுடையம்மாள் வழக்கம்போலத் தூக்குவாளியோடு வந்து, அவன் போனபோது கூடப் போய், வந்தபோது கூட வந்தாள். பன்னிரண்டு முட்டை அழுகல் என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற சோலைராஜுக்குக் கேட்டது.

ஐந்தரைக்கு முகம் தெளிந்தது. ஆரவாரம் ஒன்றும் இல்லை. முதலில் புருவத்தில் மயிர் மயிராகப் பிரிந்தது. பிறகு மூக்கு நிழலை விட்டு விலகித் தனியாக வந்தது. தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு, மூன்று நாள் தாடி, கன்னத்தில் வெயில் பொசுக்கிய சிவப்பு, கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கறுப்பு. சாம்பல் நிறக் கண்கள். முப்பது வயது வெள்ளைக்காரன் ஒருத்தன். பொட்டு இருந்த இடத்தில் ஒரு சுருக்கம்தான் இருந்தது. அவன் கண்ணைச் சிமிட்டினான். கரட்டூரில் அவன் சிமிட்டியது அதுதான் முதல் தடவை. முன்னே நிற்கிற அத்தனை பேரையும், யாரையும் தெரியாத ஒருத்தன் பார்க்கிற மாதிரி, ஒவ்வொருத்தராகப் பார்த்தான்.

"எங்கண்ணன் இல்ல" என்றார் நாகூர் கனி. மகேஸ்வரி தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வெட்கத்தோடு சொல்ல வேண்டியதுதான், ஸ்டெல்லா டீச்சர் மட்டும் மெல்ல, "எவ்வளவு நல்லாப் பண்ணிருக்காங்க, சோலை" என்றார். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆவுடையம்மாள் அவனுக்கு நேரே போய் நின்று, தலையை அண்ணாந்து, நன்றாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. அவனும் குனிந்து அவளைப் பார்த்தான். அவன் ஏதோ சொன்னான். புதுப் பதிப்பில் அவனுக்கு நானூறு வசனம், அதில் எது என்று யாருக்கும் விளங்கவில்லை. அவள் தூக்குவாளியைத் திறந்து நீட்டினாள். பட்டாளத்தான், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, விரல்கள் இருந்ததால், ஒரு உருண்டைச் சோற்றை எடுத்து வாயில் போட்டு மென்றான். அவள் தலையாட்டிவிட்டு வாளியை மூடிக்கொண்டாள்.

பிறகு அவன் நடந்தான். ரோந்துத் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்பது இருபத்து மூன்றில் ஒன்பதாவது கோரிக்கை; கம்பெனி அதையும் மதித்திருந்தது. தொட்டியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, நாலு வழிச்சாலையில் ஏறி, துப்பாக்கி நுனியில் கனகாம்பரம் ஆட, சாத்தூர் திசையில் போனான். இப்போது பனிமூட்டம் இல்லாததால் அவன் ரொம்ப தூரம் வரைக்கும் தெரிந்தான்.

அன்றைக்குப் பின்னறையில் பத்துப் பேரும் புதுத் தீவைப் பார்த்தார்கள். கதவுகள் திறந்தன. பாலம் தாங்கியது. கடல் கடைசிவரை தெரிந்தது. ஒரு மணி நேரம் லாரி ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை சோலைராஜ் ஷட்டரைத் தூக்கியபோது ஆவுடையம்மாள் படியில் நின்றிருந்தாள். குளித்துத் தலை முடிந்திருந்தாள். உள்ளே வந்து, மேஜைக்கு முன்னால் போட்டிருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுதுய்யா" என்றாள்.

அவன் 'காணாமல் போனவர் குறித்த விண்ணப்பம்' என்ற படிவத்தைத் திறந்தான். பெயர்: தவசிலிங்கம். தகப்பனார் பெயரைச் சொன்னாள். வயது சொன்னாள், போனபோது இருந்த வயதைச் சொல்லவா இப்போதைய வயதைச் சொல்லவா என்று கேட்டு, இரண்டையும் சொன்னாள். அடையாளம்: இடது புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. அந்தச் சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன் சோலைராஜ்தான். டைப் அடிக்கும்போது அவனுக்கு எழுத்துத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தான்.

அடுத்த கட்டத்தில் அவன் கை தயங்கியது. ராய்ப்பூர் போன் வந்த தேதி அவனுக்கே தெரியும். ஆனாலும் படிவத்தில் இருக்கிறபடி கேட்பதுதான் முறை.

"கடைசியாப் பாத்த தேதிம்மா?"

ஆவுடையம்மாள் தொட்டியடியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே இரண்டு ஆடுகள் நின்றிருந்தன.

"நேத்து" என்றாள். "சாயங்காலம் அஞ்சரைக்கு முன்னாடி வரைக்கும்."

சோலைராஜ் நேற்றைய தேதியை அடித்தான்.